வாய்க்கால் வழியே கோடை வகுப்பு

முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வாய்க்காலில் வருவதைப் பார்த்து அழுத ஆள், தஞ்சாவூர்ச் சீமையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊரே கரையில் நின்று பூத் தூவிக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் வாய்க்காலுக்குள்ளே, காக்கி டவுசரும் வெள்ளைச் சட்டையுமாக, ஜியாமெட்ரி பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மத்தியானமாக வந்திருக்கக்கூடாதா என்று காவிரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் என் சின்னம்மா, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எங்கே கரையேறலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா என்றதும் பெரிய மனுஷி என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவின் கடைசித் தங்கை. எனக்குச் சில மாதங்களே மூத்தவள். ஒரே வகுப்பில் படித்தோம், ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஒன்றாகவே தோற்றோம். பண்ணையார் வீட்டுப் பையனும் எங்களோடு தோற்றிருந்தான். எங்கள் ஊரில் ஆள் பார்க்காமல் அடித்தது கணக்கு ஒன்றுதான். தோற்றவர்கள் மே மாதம் முழுக்கக் கோடை வகுப்புக்கு வர வேண்டும், பள்ளி திறந்த கையோடு மறுதேர்வு எழுத வேண்டும், அதில் தேறினால்தான் பத்தாம் வகுப்பு என்று மன்னார்குடிப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். தாத்தா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: “பாசானா படி. இல்லன்னா நடவுக்கு வந்துரு.” அது சின்னம்மாவுக்குச் சொன்னது. எனக்குப் பண்ணை மாடுகள் காத்திருந்தன. மாடு மேய்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, மாடுகளுக்குத்தான் இருந்திருக்கும்.

அது ஆட்சி மாறியிருந்த காலம். மேடை போட்ட இடமெல்லாம் எங்களைப் போன்ற பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பேசினார்கள். எங்கள் தெருவோ கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு, பண்ணை வேலைக்குப் போகாமல் சங்கக் கொடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. பண்ணையார் பதிலுக்குத் தென்னந்தோப்பு வழியை அடைத்துவிட்டார். பஸ் நிற்கும் ரோட்டுக்கு எங்களுக்கு இருந்த குறுக்கு வழி அது ஒன்றுதான். சுற்றிப் போனால் முதல் மணி அடித்து, இரண்டாம் மணியும் அடித்துவிடும். பெரியவர்கள் பேச்சுவார்த்தை, மனு என்று அலைந்துகொண்டிருக்க, சின்னம்மா காய்ந்து கிடந்த வாய்க்காலைக் காட்டினாள். “இது கவர்மெண்டு வாய்க்கா. இதுல நடக்கக் கூடாதுன்னு எவன் சொல்லுவான்?” இந்தக் கரையெல்லாம் முள்காடு, அந்தக் கரை தோப்பு, நடுவில் சுடுமணல். மே மாதம் முழுக்க அதில்தான் வெந்துகொண்டே போய் அல்ஜீப்ரா படித்தோம்.

கடைமடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றை நாங்கள் செய்தோம். மேட்டூரில் திறந்தாலும் நம் ஊருக்குத் தண்ணீர் வந்து சேர ஆடி ஆகிவிடும் என்று நம்பினோம். நம்பாமல் என்ன செய்ய? வருஷா வருஷம் அப்படித்தான் ஆனது. அந்த வருஷம் பார்த்துக் காவிரிக்கு ரோஷம் வந்து, ஆனி பிறந்ததுமே, மறுதேர்வன்று காலையில், எங்கள் காலடியில் வந்து நின்றது.

“சின்னம்மா, திரும்பிரலாம். அடுத்த வருசம் எழுதிக்கலாம்” என்றேன். பல் தந்தியடித்தது. தண்ணீர் ஒன்றும் அவ்வளவு குளிர்ச்சி இல்லை.

“அடுத்த வருசம் நான் சேத்துல குனிஞ்சு நிப்பேன். நீ வரப்புல நின்னு சிரிப்ப. ஏறுடா.”

ஏறியது தோப்புக் கரையில். எதிரே பண்ணைக் காரியக்காரர், குளித்து விபூதி பூசி, கையில் பூவும் நெல்லும் வைத்த தாம்பாளத்தோடு நின்றார். பண்ணையின் கணக்கு வழக்கு முதல் கம்படி வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் தன்னிச்சையாகக் கும்பிட்டேன். ஜியாமெட்ரி பெட்டி கீழே விழுந்து, காம்பஸ் அவர் காலடியில் போய்க் குத்திட்டு நின்றது.

“இது வழி கெடையாதுன்னு சொல்லியாச்சில்ல?”

“சொன்னீங்க. நாங்களும் வாய்க்கால்லதாங்க போனோம். இப்பத் தண்ணி வந்துருச்சு. நீங்க தண்ணிய நிறுத்துங்க, நாங்க அதுலயே போயிக்கிறோம்.”

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. காரியக்காரரின் முகம் கறுத்தது. ஆனால் முதல் தண்ணீர் வரும்போது கரையில் ஏச்சுப்பேச்சு எழுந்தால் அந்தப் போகம் விளங்காது என்பது ஊர் வழக்கம். வாய் நிறைய வைத்திருந்ததை அவர் மென்று விழுங்குவது தொண்டையில் தெரிந்தது. கைகளிலோ தாம்பாளம். சின்னம்மா காம்பஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, தோப்புக்குள் நடந்தாள்.

ஈரத் துணியோடு தேர்வு எழுதினோம். இருவரும் தேறினோம். சின்னம்மா நன்றாகவே தேறினாள்; நான் தேறியதைப் பற்றி வாத்தியார்களுக்கிடையே இரண்டு கருத்து இருந்தது. அவள் பிறகு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். தோப்பு மனைகளாகி, அந்த வழியில் இன்று மினிபஸ் ஓடுகிறது. அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். பேசிப் பேசித்தான் வழி திறந்தது என்று ஊரில் சொல்வார்கள். பேச்சு முடிய அறுவடை வரை ஆனது. தெரு ஜனம் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிட்டது.

காரணம் அந்த மறுதேர்வு நாளின் சாயங்காலம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், ரோட்டோடு சுற்றிப் போகலாம் என்று கெஞ்சினேன். அவள் காதில் வாங்காமல் தோப்புக்குத் திரும்பினாள். காரியக்காரர் நின்றார். தாம்பாளம் இல்லை, கம்பு இருந்தது. அதைக் குறுக்கே நீட்டினார்.

“காலையில பரிட்சைன்னு விட்டேன். இப்ப என்ன பரிட்சை?”

“பரிட்சை முடிஞ்சிருச்சுங்க. இப்ப வீட்டுக்குப் போறோம்.”

சொல்லிவிட்டுக் கம்பைத் தாண்டினாள். தாண்டிய பிறகு நின்று, நான் வரட்டும் என்று திரும்பிப் பார்த்தாள். எனக்கு முன்னால் கம்பு, பின்னால் சுற்று வழி. கண்ணை மூடிக்கொண்டு நானும் தாண்டினேன். அதன் பிறகு அவளையும் முந்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன், திரும்பியே பார்க்கவில்லை. பயத்தில்தான். தோப்பிலிருந்து நாங்கள் வெளியே வருவதைத் தெருவில் பார்த்தவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள், நானும் மறுக்கவில்லை.