கச்சான் தோட்டத்து ஜனாதிபதியும் எமிலியக்காவும்

வெஸ்ட்கேட் கடைத்தொகுதியில் சாமான் வாங்கிக்கொண்டு நின்றபோது டிலானியின் அழைப்பு வந்தது. எமிலியக்காவின் மகள். என்னோடு எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கிற பிள்ளை அன்று, "அன்ரி, அம்மா போயிட்டா" என்று தமிழில் சொன்னாள். எடுத்த சாமான்களை அப்படியே விட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்தேன். எங்கே போவதென்று தெரியவில்லை.

எங்கள் தேவாலயத்துக்கு வரும் உங்களில் பலர் அவரைப் பூசையில் வாசகம் வாசிப்பவராக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவர் இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் பதினொரு வருடம் எதிர் மேசையில் நின்று பெட்டி கட்டியவர். இந்த நாட்டுக்கு வருமுன் மன்னாரில் அரசியல் படிப்பித்தவர். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடித்த கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பார். என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு அமெரிக்க ஜனாதிபதியின்ரை சரித்திரம். கச்சான் கடலைத் தோட்டக்காரன். மற்ற நாடுகளோட எப்பிடி நடந்தவர் எண்டு எழுதுறன்."

"ஏனக்கா அவர்?"

"மனித உரிமையைப் பற்றி மற்ற அரசாங்கங்களிட்டைக் கேட்டவர். எனக்கு அப்பிடிக் கேக்க ஒராள் தேவைப்பட்டது."

போர்க்காலத்தில் அவருடைய கணவரை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவருக்கு மிகவும் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. இரண்டு எதிரி நாடுகளின் தலைவர்களை அந்த ஜனாதிபதி ஒரு மலைவீட்டில் பதின்மூன்று நாள் வைத்துப் பேசினார். கடைசியில் ஒருவர் முறித்துக்கொண்டு போகத் தயாராகிவிட்டார். தன் பேரப்பிள்ளைகளுக்கென்று அவர் கேட்டிருந்த, தலைவர்கள் மூவரும் சேர்ந்து நின்ற படங்களில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் தன் கையால் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார் ஜனாதிபதி. பெயர்களை வாசித்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பந்தமும் நடந்தது. "பேரப்பிள்ளையளின்ரை பேரை விசாரிச்சு எழுதியிருக்கிறார், பாரும்" என்பார் அக்கா, சோற்றுப் பெட்டியைத் திறக்க மறந்து.

சனிக்கிழமைகளில் கிளென்ஃபீல்டில் அக்காவின் வீட்டுக்குப் போய் அந்தக் கொப்பியைக் கணினியில் தட்டி ஏற்றினேன். அதே ஜனாதிபதி, புதுவருட விருந்தொன்றில் ஒரு மன்னரைப் புகழ்ந்த பக்கம் வந்தது. அந்த மன்னரின் சிறைகளில் சித்திரவதை நடந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் விட்டுவிட்டேன். அக்கா கண்டுபிடித்துவிட்டார்.

"நல்ல மனுசனைப் பற்றின புத்தகம்தானே அக்கா. அது எதுக்கெண்டு விட்டனான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை. "அந்தச் சிறையிலை இருந்தவனுக்கும் ஒரு மனுசி இருந்திருப்பாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

அவர் பக்கத்தில் இருக்க, அந்தப் பக்கத்தை ஏற்றி முடித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தார். அதைப் பற்றி மறுபடி கதைக்கவேயில்லை.

போன மாதம் கடைசியாகப் போனேன். புற்றுநோய் அவரை ஒரு பிள்ளையளவுக்குச் சுருக்கியிருந்தது. கடைசி அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். வெளிநாடொன்றில் பணயக் கைதிகளாக இருந்தவர்களை மீட்க அந்த ஜனாதிபதி படாத பாடு பட்டார். தேர்தலிலும் தோற்றார். புதியவர் பதவியேற்ற சில நிமிடங்களுக்குப் பிறகுதான் கைதிகளை விட்டார்கள்.

"பாவம், அந்தப் பேர் அவருக்குக் கிடைக்கேல்லை" என்றேன்.

அக்கா கண்ணை மூடியபடியே சொன்னார். "ஆரின்ரை காலத்திலை வந்தா என்ன? வீட்டை வந்திட்டினம்தானே."

அந்த இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

கொப்பி டிலானியிடம் இருக்கிறது, அவளிடம்தான் இருக்கவேண்டும். அக்காவும் நானும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது அந்தக் குரல்தான். தன் மனிதருக்காகக் கடைசிவரை காத்திருந்த ஒருத்தி, யாரோ ஊர்பேர் தெரியாதவர்கள் வீடு திரும்பியதைக் கேட்டு ஆறுதலடைந்த குரல்.