டைகர் வயிற்றில் என்ன

இல்லை, விஷம் இல்லை. எங்கள் நாய் டைகர் பிழைத்துக்கொண்டான்.

காலையிலிருந்து வாந்தி, பேதி. வரப்புத் தகராறில் இரண்டு வருடமாகப் பேசாத பக்கத்து வீட்டுச் சித்தப்பா வயலில் எலிமருந்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். எலிக்குத்தான் வைத்தாரா என்றும் நினைத்தேன்.

கால்நடை மருத்துவரும் போனில், "மருந்து எதுவும் தின்னுச்சாம்மா?" என்றார். "மருந்து தின்னுச்சான்னு தெரியலையே டாக்டர்" என்றேன்.

வேலிக்கு அப்பாலிருந்து சித்தி குரல் கொடுத்தார்.

"மருந்தெல்லாம் இல்ல. நேத்து எங்க கெடா வெட்டுல ஆட்டுக் கொழுப்பா தின்னுச்சு. கூப்பிட்டும் நீங்க யாரும் வரல. உங்க வீட்டுலேர்ந்து அதாவது வந்துச்சே."

மருத்துவருக்கும் கேட்டிருக்கிறது. சிரித்தார். அரை நாள் தண்ணீர் மட்டும், பிறகு உப்பில்லாத கஞ்சி என்றார்.

பங்காளி வீட்டு விருந்துக்கு நாயை மட்டும் அனுப்பியவர்கள் இங்கே வேறு யாராவது உண்டா?

சாயங்காலம் கஞ்சியை நக்கிவிட்டு வாலாட்டினான். வேலியருகே போய், "சித்தி, சாப்பிட்டுட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.