ஒரு வருசம் ஓடினா போதும்

லுணுகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், மேல்கணக்கு என்கிற மேல் பிரிவின் லயத்து வீடுகளிலிருந்து யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் வழி இரண்டுதான். ஒன்று, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவது. மற்றது, அழகையாவின் பழைய லேன்ட் ரோவர். மண்சரிவுக்குப் பிறகு ஆட்டோக்காரர்கள் பாலத்தடியோடு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே ரோடு என்று இருப்பது கல்லும் பள்ளமும்தான்.

அந்த வண்டி ஒரு காலத்தில் துரைமார் ஏறி வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கதவு போய், கூரை போய், தார்ப்பாய் கட்டி ஏலத்துக்கு வந்தபோது, தோட்டத்து லொறி டிரைவராக இருந்த அழகையா அதை எடுத்தார். ஆள் அதிகம் பேசமாட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைப்போ என்னவோ. அவர் மனைவி வேலாயி அதற்கும் சேர்த்துப் பேசுவாள். "எனக்கு வலிச்சா டாக்டர்கிட்ட போங்கிறாரு. வண்டிக்கு வலிச்சா இவரே கீழ போய் படுத்துக்கிறாரு" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

அந்த வேலாயிக்குத்தான் கிட்னி இரண்டும் போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் பதுளைக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும். ஊசி போட வசதியாக இடது கையில் இரத்தக் குழாயை வெட்டிச் சேர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் ஓடுவது உறுமலாகத் தெரியும். உறுமல் நின்றால் ஆபத்து, அந்தக் கையில் பாரம் தூக்கவே கூடாது என்று தாதி சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அழகையா காலையில் முதலில் அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் வண்டியைத் தொடுவார்.

போன வருடம் வண்டியின் பின் ஷாப்ட்டில் குரோஸ் தேய்ந்தது. இஞ்சினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளக் குழாய்தான் ஷாப்ட். குண்டுகுழியில் அது மடங்கிச் சுற்றுவதற்காக இரண்டு முனையிலும் சிலுவை மாதிரி ஒவ்வொரு இரும்பு இருக்கும், அதுதான் குரோஸ். முன் ஷாப்ட்டை அழகையா எப்போதோ கழற்றிப் போட்டுவிட்டார். ஆகவே வண்டியை இழுப்பதும் அந்தப் பின் ஷாப்ட்தான். அதைவிட, இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, அதே ஷாப்ட்டைத்தான். குரோஸ் உடைந்தால் இரண்டும் போச்சு. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்த மனுசனுக்கு இது தெரியாதா? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும் வழியில் பதுளையில் ஷுக்ரியின் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். வேலாயி முன் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அழகையா மரியாதைக்கு நானா என்று கூப்பிடும் ஷுக்ரி, மேசையில் இரண்டு வகை குரோஸ் எடுத்து வைத்தார். ஒன்று கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்தது, கனமானது, பார்த்துக்கொண்டால் பத்து வருடம் அசையாது. மற்றது மலிவு. நிப்பிளும் கிடையாது, உள்ளே கிரீஸ் காய்ந்தால் அவ்வளவுதான்.

அழகையா இரண்டையும் கையில் எடுத்தார். முனையில் மூடியிருக்கும் கப்பை விரலால் சுற்றிப் பார்த்தார். நல்லது எதுவென்று கை சொல்லிவிட்டது. காசும் இல்லாமல் இல்லை, சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் அன்று காலைதான் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இருதயமும் களைத்துவிட்டது, ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். அவள் போன பிறகு வண்டியை விற்றுவிட்டுக் கொழும்பில் மகனோடு போய் இருப்பதாகத்தான் அழகையாவின் எண்ணம். விற்கப் போகிற வண்டிக்குப் பத்து வருடச் சாமான் எதற்கு?

"எத்தன வருசத்துக்கு ஓட்டப் போறீங்க அண்ணன்?" என்றார் ஷுக்ரி. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒரு வருசம் ஓடினா போதும், நானா."

சொன்ன பிறகுதான் அழகையாவுக்குச் சுருக்கென்றது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? திரும்பி வாசலைப் பார்த்தார். வேலாயி அதே மாதிரிச் சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு மலிவானதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வருடம் முடிந்தது. வேலாயி சாகவில்லை. மெலிந்தாள், கால் வீங்கியது, ஆனாலும் வண்டிக்குள் வாய் ஓயவில்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார். அழகையாவுக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. ஆனால் அந்தச் சந்தோசத்துக்கு அடியில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. கியர் மாற்றும்போதெல்லாம் டக், டக் என்று. கீழே படுத்துப் பார்த்தார். குரோஸின் ஓரத்தில் செங்கல் தூள் மாதிரித் துரு கொட்டியிருந்தது. உள்ளே காய்ந்துவிட்டது. கிரீஸ் அடித்துக் காப்பாற்றலாம் என்றால் நிப்பிள் இல்லை. வெள்ளிக்கிழமை பதுளையில் நல்லதாக வாங்கி மாட்டிவிடலாம், அதுவரை தாங்கும் என்று நினைத்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மழை தூறியது. பாலத்தைத் தாண்டிய ஏற்றத்தில், பாதி ஏறியிருக்கும்போது அடியில் வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். இஞ்சின் வீணாக அலறியது, வண்டி பின்னுக்குப் போனது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். அது பிடித்தும் வண்டி நிற்கவில்லை. கால் பிரேக்கை உயிரைக் கொடுத்து மிதித்தார். ஈர மண்ணில் இழுபட்டு வண்டி நின்றது. ஒரு பக்கம் பள்ளம், கீழே ஆறு. காலை எடுத்தால் இரண்டு பேரும் ஆற்றில்தான். ரோட்டில் ஈ காக்கை இல்லை.

"அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு வேலாயி இறங்கினாள்.

"இறங்காத புள்ள, யாராச்சும் வரட்டும்" என்று கத்தினார். யார் வரப்போகிறார்கள்? வீங்கிய காலோடு அவள் ஓரத்துக்குப் போய், சரிந்து கிடந்த கற்களில் ஒன்றை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கினாள். பாரம் தூக்கக் கூடாத அந்த இடது கைமேல் கல் ஏறிக் கிடந்தது. அழகையா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது, ஓடிப்போய் வாங்க முடியாது. வாய்க்கு வந்தபடி தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஒரு சக்கரத்துக்கு வைத்துவிட்டு, அவள் மறு சக்கரத்துக்கும் இன்னொரு கல் தூக்கினாள்.

வண்டி கல்லில் உட்கார்ந்தது. அவர் இறங்கி ஓடினார். அவள் மண்மேட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பக்கத்தில் குரோஸின் உடைந்த துண்டு கிடந்தது. அதைக் காலால் தள்ளிக் காட்டினாள்.

"ஒரு வருசந்தானே கேட்டீங்க. அதுக்கு மேலேயே ஓடிருச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மழையில் அவள் காலடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே அவள் இடது கையைப் பிடித்து விரலை வைத்துப் பார்த்தார். உறுமலைக் காணவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு காதை வைத்தார்.

அவர் போட்ட கூச்சல் கேட்டு லயத்து ஆட்கள் கம்பளியோடு வந்து தூக்கிப்போய், மெயின் ரோட்டில் பஸ்ஸை மறித்து ஏற்றினார்கள். கைக் குழாய் அடைத்துப்போனதால் கழுத்தில் குழாய் போட்டார்கள். அழகையா ஷுக்ரியிடம் நிப்பிள் வைத்த குரோஸ் இரண்டு வாங்கி வந்து மாட்டினார். எத்தனை வருடத்துக்கு என்று ஷுக்ரி இந்த முறை கேட்கவில்லை. அந்தப் புதுக் குரோஸில் வேலாயி சில பயணம்தான் போனாள். கழுத்துக் குழாயில் கிருமி ஏறியது, அதோடு முடிந்தது. அவளைப் பெட்டியில் வைத்து அந்த வண்டியில்தான் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை.

கருமாதி முடிந்ததும் மகன் வண்டியை விற்கச் சொன்னான். அழகையா விற்கவில்லை. இப்போதும் மேல்கணக்கில் யாருக்காவது வலி கண்டாலும் நெஞ்சு அடைத்தாலும் அவர்தான் இறக்குகிறார். காலையில் எழுந்ததும் வண்டிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடிக்கிறார். குரோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து வருடமும் ஓடும். அந்தப் பத்து வருடமும் அவர்தான் ஓட்டியாக வேண்டும்.