தினமும் ஜனவரி ஒன்று

திருட்டு சாஃப்ட்வேரில் கடை நடத்தியவள் நான். சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. பிற்பாடு கையில் காசு சேர்ந்ததும் அசலையே வாங்கிப் போட்டேன். அதற்காக, முன்னால் ஓட்டிய நாட்களுக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள் என்றால் மாட்டேன். போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. காரைக்குடி செக்காலை ரோட்டில், சைக்கிள் கடை ஒன்றை ஒட்டிய அறையில் ஜாப் டைப்பிங் கடை வைத்திருந்தேன். பயோடேட்டா, கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், கோர்ட் மனு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் டீச்சர் வேலைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் மடத்துக்குப் போய் சிஸ்டர் ஆவார்கள். கடை வைத்தவள் நான்தான் முதல். அண்ணனுக்கு சிவகங்கையில் அரசாங்க வேலை. கம்ப்யூட்டர் வாங்கப் பாதிப் பணம் போட்டது அவன். அதனால் கடையில் முழு அதிகாரமும் தன்னுடையது என்று நினைப்பு.

மிஷின் செகண்ட் ஹேண்ட், மதுரையில் ஒரு கடையில் வாங்கியது. எங்கள் ஊரில் பழைய சாமான் வாங்குவது கேவலம் கிடையாது. இடித்து விற்கும் செட்டிமார் வீடுகளில் இருந்து தேக்குக் கதவும் ஜன்னலும் வாங்கி மாட்டாத வீடு குறைவு. நாங்களும் அப்படி ஒரு கதவு வாங்கியிருக்கிறோம். அதன் சாவி மட்டுமே என் முழங்கை நீளம். கதவை விற்றவர் சாவியைக் கையில் கொடுத்த பிறகுதான் காசை வாங்கினார், அதுதான் முறை. அந்தப் பழக்கத்தில்தான் கம்ப்யூட்டரையும் வாங்கினேன். உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் யாருடையது, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவே இல்லை. கதவு வாங்கினால் சாவி கூடவே வரும்தானே.

அந்த மிஷினுக்கு ஒரு சீக்கு இருந்தது. நாள் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ள உள்ளே நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி இருக்கும். அது செத்துப்போயிருந்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஆங்கிலத்தில் ஏதோ புகார் சொல்லும், நான் ஒரு பட்டனைத் தட்டுவேன், முனகிக்கொண்டே எழுந்திருக்கும். தேதி மட்டும் எப்போதோ கழிந்த ஒரு வருடத்து ஜனவரி ஒன்று என்று காட்டும். கரண்ட் போய் வந்தாலும் ஜனவரி ஒன்றுதான். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும், என் கடைக்குள் புத்தாண்டு. மனுக்களில் தேதியை மட்டும் கையால் அடித்துவிடுவேன். அதனால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே கடைக்கு வந்தான். தேதியைப் பார்த்தான்.

"என்னத்தா இது, கடைன்னா ஒரு ஒழுங்கு வேணாமா? வாரவுக என்ன நெனப்பாக?"

புது பேட்டரி வாங்கி வந்து, மூடியைக் கழற்றி, அவனே மாட்டினான். தேதியைச் சரியாக வைத்தான். நல்லது செய்த முகத்தோடு பெருமையாக மிஷினைப் போட்டான்.

திரை பூட்டிக்கொண்டது. இந்தப் பிரதியின் காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. எந்தப் பட்டனைத் தட்டினாலும் அதே வரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய மனுவும் ப்ராஜெக்டும் உள்ளே மாட்டிக்கொண்டன.

விசாரித்ததில், உள்ளே இருப்பது அசல் இல்லை, காப்பி என்று அண்ணனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குதித்தான்.

"திருட்டுச் சரக்கு! ரெய்டு வந்தா என் வேலைக்கில்ல வேட்டு! பைபிள்ல ஏழாம் கட்டளை என்ன சொல்லுது? வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள இதத் தள்ளிவிட்டுட்டுக் கடையப் பூட்டு."

அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். திருடியவள் நானா? காசு கொடுத்து, ரசீது வாங்கி, தலைச்சுமையாகக் கொண்டுவந்தவள் நான். களவுக்கு ஒரு கட்டளை இருக்கிறது, சரி. களவுப்பொருளை நல்ல பொருள் என்று தலையில் கட்டுகிறவனுக்கு என்ன கட்டளை?

மறுநாள் மிஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறினேன். மிஷினை விற்ற கடைக்காரர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது கம்பெனிக்காரன் சோதனைக்கு விட்ட காப்பிம்மா. ஒரு தேதி வரைக்குந்தான் ஓடும். தேதி தாண்டிருச்சு, பூட்டிக்கிருச்சு. லைசென்ஸ் இல்லாம ஓட்டுறது சட்டப்படி குத்தம், தெரியுமில்ல? ஒரிஜினல் வாங்கிருங்க."

சாத்தான் வேதம் ஓதுகிறது என்பார்கள். அன்றைக்குத்தான் நேரில் கேட்டேன்.

"அண்ணே, காப்பியப் போட்டு வித்தது நீங்க. எங்க ஊருல கதவ வித்தா சாவியும் சேத்துக் குடுப்பாக. நீங்க கதவ வித்துட்டு, சாவிக்குத் தனியாக் காசு கேக்குறீக."

"வேணும்னா வேற காப்பி போட்டுத் தாரேன்."

"காப்பி வேணாம். அந்தா கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கீகளே, ஒரிஜினல், அத எடுங்க."

கண்ணாடி அலமாரியில் பளபளவென்று அட்டைப்பெட்டிகள். அவர் எடுக்கவில்லை. நான் வாசலை மறித்த மாதிரி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வருகிறவர்களிடமெல்லாம், "பாத்து வாங்குங்க, இங்க வாங்குனா ஒருநா தன்னால பூட்டிக்கிரும்" என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார், ஒருவர் வந்த வழியே திரும்பினார். கடைக்காரர் பொறுக்கமாட்டாமல் அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை என் முன்னால் போட்டார்.

"எடுத்துக்கங்க!"

அது விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது. திறந்தேன், காலி. இன்னொன்றைக் கேட்டேன், அதுவும் காலி. எல்லாமே அழகுக்கு வைத்த வெறும் அட்டை.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லும் கடையில் ஒரே ஒரு அசல்கூட இல்லை. சிரிக்கும்போதே, தேதி தாண்டிவிட்டது என்று இந்தக் கடைக்காரர் சொன்ன வார்த்தை உறைத்தது. தேதி தாண்டியதால்தானே பூட்டிக்கொண்டது? அண்ணன் கைவைக்கும் வரை என் மிஷினில் தேதி நகரவே இல்லையே.

மிஷினின் மூடியைக் கழற்றச் சொன்னேன். தலையில் இருந்த ஹேர்பின்னை உருவி, அண்ணன் மாட்டிய புது பேட்டரியை நெம்பி எடுத்தேன். மறுபடி போட்டேன். மிஷின் புகார் சொன்னது. பட்டனைத் தட்டினேன். முனகிக்கொண்டே எழுந்தது. ஜனவரி ஒன்று. என் மனு, என் ப்ராஜெக்ட், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. பேட்டரியை அவருடைய காலி அட்டைக்குள் போட்டு மூடி, அலமாரியில் நானே வைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான், மிஷினை விற்றாயிற்றா என்று பார்க்க. நான் திருவிழா நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். பேட்டரி எங்கே என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

"பாதிப் பணம் நீ போட்டது. வேணும்னா பாதி மிஷின அறுத்து எடுத்துக்க. கடைய மூடமாட்டேன்" என்றேன்.

அவன் சட்டைப்பையில் இருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். காரைக்குடிக்கே மாற்றல் கேட்டு மேலதிகாரிக்கு எழுதிய விண்ணப்பம், அவன் கையெழுத்தில்.

"நல்லா அடிச்சுக் குடு, ஆத்தா. தேதி சரியாப் போடு."

அடித்தேன். எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டுப் பிரிண்ட் எடுத்து, பேனாவோடு அவனிடம் நீட்டினேன்.

"தேதிய நீயே எழுதிக்கண்ணே. சட்டப்படி எழுது."