மொட்டைக் கோயிலின் நிழல்

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த வருஷம்தான் நான் கெட்டுப்போன வருஷம் என்பார் என் வீட்டுக்காரர். ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். வானத்திலிருந்து எடுத்த டில்லிப் படத்தை இழுத்து இழுத்து, பேர் தெரியாத பழைய கல்லறை மாடங்களைத் தேடுவதுதான் வேலை.

"ஊர் உலகம் உயிரோட இருக்கவன் வீட்டத் தேடுது. நீ செத்தவன் வீட்டத் தேடுத" என்பார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

யாரும் சொல்லித் தந்து படித்ததில்லை. மேலிருந்து பார்த்தால் கும்மட்டமும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே வெள்ளைப் பொட்டுதான். நிழலைப் பார்க்க வேண்டும். தொட்டியின் நிழலுக்குக் கால் இருக்கும். கும்மட்டத்தின் நிழல் கவிழ்த்த சட்டி மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும். இதை நானாகவே கண்டுகொண்டேன் என்று கொஞ்சம் திமிரும் எனக்கு இருந்தது.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவள் கள்ளக்குறிச்சிப் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈரக் கையோடு பின்னால் நின்று பார்த்தாள்.

"அக்கா, இதுல எங்க மொட்டக் கோயிலு தெரியுமா?"

துவாரகாவில் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் அவளும் புருஷனும் அங்கே கல் சுமந்திருக்கிறார்கள். ஒரு இடிந்த கும்மட்டத்தை ஒட்டிக் குடிசைகள். உள்ளே சாமி இல்லை, மேலே கலசமும் இல்லை, அதனால் மொட்டைக் கோயில். அங்கேதான் அவளுடைய மூத்த பெண், எட்டு மாசக் குழந்தை, மூன்று நாள் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. கும்மட்டத்தின் பக்கத்தில் புருஷன்தான் புதைத்துவிட்டு வந்தான். அவளைக் கூட்டிப் போகவில்லை.

"அப்பறமா எடத்தக் காட்டுனாரு. சாயங்காலம் வேலை முடிஞ்சா அந்த நெழல்லதான் போயி உக்காருவேன். நெழலு முடியிற எடத்துல அவ இருந்தா."

கட்டடம் முடிந்ததும் குடிசைகளைக் கிளப்பிவிட்டார்கள். புருஷனும் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இரண்டாவது பெண்ணுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று, தை மாசம் கல்யாணம். வீட்டில் கன்னியாகச் செத்த பெண்ணுக்குப் பாவாடை வளையல் வைத்துக் கும்பிடாமல் அவர்கள் பந்தக்கால் நடுவதில்லை. ஊரில் அந்த மூத்தவளுக்கு ஒரு இடம் வைக்க, அவள் கிடக்கும் இடத்திலிருந்து பிடிமண் வேண்டும்.

"ரெண்டு தடவ போயிட்டு வந்தேங்கா. எல்லாம் ஒரே மாதிரி பில்டிங்கு. எந்தத் திக்குன்னே தெரியல. அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு ரயிலு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்."

"வேற என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு."

"ஏரோப்ளேன் தலைக்கு நேரா வயித்தக் காட்டிக்கிட்டுப் போவும். சக்கரத்த எண்ணலாம்."

அது போதுமானதாக இருந்தது. விமான நிலையத்து ஓடுபாதையைத் திரையில் பிடித்து, அதன் நேர்கோட்டில் மர ஸ்கேலை வைத்தேன். வெள்ளைக்காரன் காலத்து நில அளவைப் படம் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அந்தக் கோட்டில் அது மூன்று கல்லறைகளைக் காட்டியது. வானத்துப் படத்தில் இரண்டு இடங்களில் மொட்டைமாடிகள். மூன்றாவதில் ஒரு வெள்ளைப் பொட்டு, அதன் இடது பக்கம் கவிழ்த்த சட்டி.

அவள் தயங்காமல் நிழலின் நுனியில் விரலை வைத்தாள். "இங்கதாங்கா." புல்வெளி. நான் அங்கே பெருக்கல் குறி போட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். அன்று என் நடையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

சனிக்கிழமை இருவரும் பஸ் மாறிப் போனோம். போய்ச் சேர உச்சிப்பொழுதாகிவிட்டது. கும்மட்டத்தைச் சுற்றி இரும்பு வேலி. மேற்கே சின்னப் பூங்கா, கிழக்கே வேலியை ஒட்டி அகலமான ரோடு. தாளைப் பார்த்துக் காலடி எண்ணி நான் காட்டிய இடத்தில் அவள் மண்டியிட்டுக் கரண்டியால் தோண்டினாள். காவலாளி வந்து என்ன தோண்டுகிறீர்கள் என்று ஹிந்தியில் அதட்டினான்.

"துளசிச் செடிக்கு, அண்ணா" என்று அவளும் ஹிந்தியில் சொன்னாள். சொல்லும்போது அவள் தலை நிமிரவில்லை.

மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள். கொண்டுவந்த பாலைப் பாதிதான் ஊற்றினாள். கிளம்ப மனமில்லை அவளுக்கு. நானும் அவசரப்படுத்தவில்லை. கட்டிவந்த எலுமிச்சம் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மகள் சிரித்தால் கன்னத்தில் குழி விழும் என்றாள். பெயர் வைக்கத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்களாம்.

நாலு மணி இருக்கும். அவள் திரும்பிக் கும்மட்டத்தைப் பார்த்தாள். கும்மட்டத்தின் நிழல் எங்கள் பக்கம் இல்லை. அது அந்தப் பக்கம் நீண்டு, வேலியைத் தாண்டி, ரோட்டில் போய்ப் படுத்திருந்தது.

நிழலை வைத்தே பிழைத்தவள் நான். வானத்துப் படத்தைக் காலையில் எடுத்திருப்பான் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவள் உட்கார்ந்ததோ சாயங்காலம் கிழக்கே விழும் நிழலில்.

"என் தப்புதாம்மா" என்றேன்.

அவள் முடிச்சை அவிழ்த்து, தோண்டிய குழியிலேயே மண்ணைக் கொட்டித் தட்டி மூடினாள். "இது யாரு பெத்ததோ" என்றாள்.

ரோட்டில் நிழல் முடிந்த இடம் தார். கார்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நான் ஓரத்தில் நின்று கையைக் காட்டி வண்டிகளை விலகிப் போகச் சொன்னேன். ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அவள் குத்துக்காலிட்டு, தாருக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் கரண்டியை விட்டுச் சுரண்டினாள். ஜல்லித்தூள், சிமெண்ட், உதிர்ந்த தார். ஒரு பிடி தேறவில்லை. விரல் நுனியால் தூசியைக் கூட்டி அள்ளிப்போட்டாள்.

"இதுல மண்ணு இருக்குமாக்கா?"

"இருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மிச்சப் பாலை அந்த இடுக்கில் ஊற்றினாள். அது உள்ளே இறங்காமல் தாரின் மேல் வெள்ளையாக ஓடியது. ஒரு ஆட்டோ அதன் மேல் ஏறிப் போனது. சக்கரம் போன திசையில் கொஞ்ச தூரம் ஈரத்தடம் தெரிந்தது. அது காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.