கரும்பச்சை மேல் சிவப்பு

எங்கள் மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் அவருக்குக் கலர் அக்கா என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. பதினாறு வருடமாக என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, ஆபரேஷனுக்குப் போகிற நோயாளிகளின் விவரத் தாளைத் தட்டச்சு செய்கிறார். வயது நீலத்தில், ரத்த வகை சிவப்பில், டாக்டர் பெயர் ஊதாவில். முக்கியமான வரிக்குப் பின்னால் ஒரு கலர் பட்டை. அக்காவுக்கோ எல்லா வரியும் முக்கியம். அவருடைய திரையை எட்டிப் பார்த்தால் துணிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

"கொஞ்சம் குறைங்களேன்க்கா, கண்ணு கூசுது" என்பேன்.

"கூசணும்னுதானே போடறேன். கூசலைன்னா யாரு படிக்கிறாங்க?"

வீட்டிலும் இதே கதைதான். பால் வாங்கச் சொல்லிக் கணவருக்கு எழுதி வைக்கிற துண்டுச் சீட்டில்கூட மூன்று கலர் இருக்கும். அந்த மனிதர் பாலை மறந்துவிட்டுச் சீட்டைப் பாராட்டுவாராம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் ஓர் அம்மா எங்கள் கவுன்டருக்கு வந்தார். அவருடைய கணவருக்கு மதியம் இரண்டு மணிக்கு ஆபரேஷன். "ஒரு ஊசி அவருக்கு ஒத்துக்காதும்மா. போன தடவை போட்டப்போ மூச்சே நின்னுடுச்சு. மறக்காம எழுதிடுங்க" என்று அந்த மருந்தின் பெயரைச் சொன்னார். அக்கா அவர் கையைப் பிடித்து, "நான் எழுதறதை யாராலயும் பார்க்காம இருக்க முடியாது. தைரியமா போங்க" என்றார்.

வழக்கமான கலரெல்லாம் அன்றைக்கு அக்காவுக்குப் போதவில்லை. கரும்பச்சைப் பட்டை போட்டு, அதன் மேல் ரத்தச் சிவப்பில் அந்த வரியை அடித்தார். பொத்தானை அமுக்கியதும் தாள் மாடியில் இருக்கிற வார்டு பிரின்டரில் போய் விழும். நாங்கள் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை.

ஒன்றரை மணிக்குச் சாப்பிடும்போது நான்தான் பேச்சுவாக்கில் சொன்னேன், வார்டு கலர் பிரின்டர் காலையிலிருந்து ரிப்பேர், பழைய கறுப்பு பிரின்டரை வைத்திருக்கிறார்கள் என்று. அக்கா கையிலிருந்த கவளத்தை டப்பாவில் போட்டார். தாளை எங்கள் அறையின் கறுப்பு பிரின்டரில் எடுத்துப் பார்த்தோம். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிட்டிருந்தன. மற்ற வரிகளெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த வரி இருந்த இடத்தில் சிமென்ட் பூசினது போல ஒரு பட்டை.

முழங்கால் வலிக்காரர் அக்கா. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் மூன்று மாடி ஏறினார். நான் பின்னால் ஓடினேன்.

வார்டில் கட்டில் காலியாக இருந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். பெரிய நர்ஸ் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த ஊசி... போட்டுடாதீங்க" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது.

"எப்பவோ மாத்தியாச்சு, உட்காருங்கக்கா. தாளைப் பார்த்தேன், நடுவுல ஒரே மசி. நீங்க இவ்வளவு அப்பி வச்சிருந்தா அதுலதான் உசிரு போற விஷயம் இருக்கும்னு தெரியாதா? உங்களுக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கலை. நேரா அவர் சம்சாரத்தையே கேட்டேன். பேனாவால பெருசா எழுதி, டாக்டர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் உள்ள அனுப்பினேன்."

அக்கா அந்தக் காலிக் கட்டிலிலேயே உட்கார்ந்து அழுதார். பிறகு சிரித்தார். நர்ஸ் கொடுத்த தண்ணீரில் பாதி புடவையில்தான் போயிற்று. எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

ஐந்தாம் நாள் அந்த அம்மா, கணவரை வீட்டுக்கு அழைத்துப் போவதற்கான தாளை வாங்க வந்தார். அக்கா அடித்து நீட்டிய தாளில் முழுக்கக் கறுப்பு எழுத்து. ஒரே ஒரு வரி மட்டும் தடித்து, கட்டத்துக்குள் இருந்தது. அந்த அம்மா நன்றி சொல்லத் தொடங்கினார்.

"நன்றியை நர்ஸம்மாவுக்குச் சொல்லுங்க. நான் எழுதினது யார் கண்ணுக்கும் தெரியலை" என்றார் அக்கா. "இந்தக் கட்டத்துல இருக்கறதைப் படிங்க."

அந்த அம்மா வாய்விட்டுப் படித்து முடிக்கும்வரை அக்கா தாளின் மறுமுனையை விடவில்லை.