ஹில்டன் ஹெட்டில் பன்னிரண்டாம் குழி

2006 ஏப்ரல், செவ்வாய்க்கிழமை. காலை 5.40.

மொன்றியலின் டோர்வல் விமான நிலையத்தில் என் கணவர் அன்ரன் தன் பையைப் பெல்ட்டில் வைத்துவிட்டு, அது உள்ளே போய் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். கோல்ஃப் மட்டைகள் நிரம்பிய நீளப் பை.

"பதினெட்டு வருசமா மற்ற ஆக்களின்ரை பையளைத்தான் ஏத்தினன். இண்டைக்கு என்ரை பை போகுது" என்றார்.

அவர் இதே விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலை செய்பவர். இரண்டு வருடங்களுக்கு முன்பு, வேலையிலிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரத்தக் குழாய்க்குள் ஒரு சிறு கம்பி வலை வைத்து அனுப்பிய வைத்தியர், தினமும் நடக்கவேண்டும் என்றார். வெறுமனே நடக்க இவருக்கு அலுப்பு. கூட வேலை செய்யும் ஒருவர் தன் பழைய மட்டைகளைக் கொடுத்தார். அந்தக் கோடையிலிருந்து இவருக்குக் கோல்ஃப் பைத்தியம். நான் எங்கள் வில்லரேப் பகுதியில் 'கார்டெரி' என்ற பகல்நேரக் காப்பகம் ஒன்றில் குழந்தைகளைப் பார்க்கிறேன். கோல்ஃப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்காக மகள்தான் இணையத்தில் தேடிப்பிடித்தாள்: தென் கரோலைனாவில் கடலோர விடுதி, மூன்று இரவு, இரண்டு நாள் கோல்ஃப், மூன்று இரவுச் சாப்பாடு, ஒருவருக்கு 640 அமெரிக்க டொலர்.

பிற்பகல் 2.15.

பிலடெல்பியாவில் விமானம் மாறி, ஜோர்ஜியா மாநிலத்துச் சவானாவில் இறங்கினோம். காலையில் 'டெப்பனர்' என்ற மூலைக்கடை வாசலில் கறுத்துப்போய்க் கிடந்த பனிமேட்டைத் தாண்டி வந்தவர்களுக்கு, வெளிக்கதவு திறந்ததும் முகத்தில் வந்து படிந்த காற்றை நம்ப முடியவில்லை. குளித்துவிட்டு வந்த குழந்தையின் தலை மாதிரி, ஈரமும் வெதுவெதுப்புமாக இருந்தது. எங்கள் விடுதி இருந்த ஹில்டன் ஹெட் தீவுக்கு அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது மைல். விடுதியின் வான் வண்டியில் போனோம். பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் உப்புச் சதுப்பு விரிந்தது. தண்ணீரா, புல்லா என்று பிரித்துச் சொல்ல முடியாத பச்சை. அதற்குள் வளைந்து வளைந்து வெள்ளிக் கோடுகள். தீவுக்குள் ஓக் மரங்கள் தெருவின் மேல் கைகோத்து நின்றன. கிளைகளிலிருந்து நரைத்த பாசி தலைமுடி போலத் தொங்கி, காற்றில்லாமலே அசைவதுபோல் தோன்றியது.

மாலை 6.30.

உணவகம் சதுப்பைப் பார்த்தபடி இருந்தது. அன்ரனுக்கு வந்தது இறாலும் 'கிரிட்ஸ்' என்ற சோளக் குறுணல் களியும். எனக்குப் பொரித்த வெண்டிக்காயும் மீனும். இந்த ஊரில் வெண்டிக்காய் இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. அவர் ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடினார். நானும் அவர் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்து ருசி பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, இதிலை உப்புக் கூட. வெண்ணெயும் கனக்கப் போட்டிருக்கினம்."

அவர் கரண்டியை மெதுவாக வைத்தார்.

"நான் செத்துப் போனன் எண்ட மாதிரித்தான் நீர் என்னைப் பாக்கிறீர்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். அதன்பிறகு அவர் தட்டு அப்படியே ஆறியது. வெளியே கடல்நீர் சத்தமில்லாமல் ஏறி, புற்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து வருடக் கல்யாணத்தைக் கொண்டாட வந்த முதல் மாலை அப்படி முடிந்தது.

புதன்கிழமை, காலை 8.40.

"நீர் கடற்கரைக்குப் போமன். நான் தனிய ஆடுவன்" என்றார். நான் விடவில்லை. மைதானத்தின் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களை அனுப்பும் லீராய் என்ற கறுப்பின முதியவர், மைதானத்துக்குள் ஓடும் சிறு மின்வண்டியின் சாவியை என்னிடமே நீட்டினார். எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. மொன்றியலில் எனக்கு மெட்ரோவும் பஸ்ஸும்தான்.

"இந்த மிதி போவதற்கு, அந்த மிதி நிற்பதற்கு. வேறு ஒன்றுமே இல்லை, அம்மணி" என்றார் லீராய் ஆங்கிலத்தில். பிறகு குரலைத் தாழ்த்தி, "தண்ணீர் ஓரத்தில் பந்து விழுந்தால் விட்டுவிடுங்கள். அது முதலைக்குச் சொந்தம்."

அதைக் கேட்டு அன்ரன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஆனாலும் அந்தக் காலையை நான் மறக்கமாட்டேன். பனிப்புகை தரையோடு கிடந்தது. முன்னால் ஆடுபவர்கள் இடுப்புக்குக் கீழே இல்லாதவர்களாக மிதந்து போனார்கள். இவர் அடித்த பந்து புகைக்குள் போய், எங்கோ புல்லில் மெத்தென்று விழும் ஓசை மட்டும் திரும்பி வந்தது. வெள்ளைக் கொக்கொன்று ஒவ்வொரு குழிக்கும் எங்களோடு வருவதுபோல இருந்தது. ஒருவேளை ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொக்கு இருந்திருக்கலாம். எத்தனை மணி என்றே தெரியாமல் போயிற்று.

காலை 11.30 இருக்கும்.

பன்னிரண்டாம் குழியில் அவருடைய பந்து வலப்பக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. "எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஒரு மட்டையோடு போனார். நான் வண்டியில் இருந்தேன். வெயில் ஏறியிருந்தது. எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கூப்பிட்டேன்; பதில் இல்லை. மரங்களுக்கு அப்பால் குளம் ஒன்று மினுங்கியது.

மிதியை அழுத்தினேன். வண்டி பாதையை விட்டு இறங்கி, மணற்குழி ஒன்றின் விளிம்பால் சரிந்து, புல்லின் மேல் பாய்ந்தது. ஓக் மரத்தின் கீழே அவர் மல்லாந்து கிடந்தார். தொப்பி முகத்தின் மேல். மட்டை பக்கத்தில்.

வண்டியை எப்படி நிறுத்தினேன் என்று தெரியாது. முழங்காலில் விழுந்து தொப்பியைத் தட்டிவிட்டு, அவர் மூக்கின் கீழே கையை வைத்தேன்.

கண்ணைத் திறந்தார்.

"என்ன?"

"என்னவெண்டோ கேக்கிறியள்? என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. ஒருக்கால் படுத்துப் பாப்பம் எண்டு படுத்தன். நித்திரையாப் போனன்." எழுந்து உட்கார்ந்து, புல்லில் வண்டிச்சில்லு கிழித்திருந்த இரண்டு கோடுகளைப் பார்த்தார். "நீரோ ஓட்டிக்கொண்டு வந்தனீர்?"

நான் அழத் தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து, சற்றுமுன் இருந்த இடத்திலேயே, தன் மூக்கின் கீழே வைத்தார்.

"ஒவ்வொரு நாளும் இரவிலை இப்பிடித்தானே வைக்கிறனீர்."

இரண்டு வருடங்களாக அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. அவர் நன்றாக உறங்கியபின்தான் வைப்பேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் முழிப்புத்தானே. நீர் கை வைக்கேக்கை கொஞ்சம் பலமா மூச்சு விடுவன். உமக்கு விளங்கட்டும் எண்டு."

இரண்டு வருடங்களாக இருவருமே சரியாகத் தூங்கவில்லை. ஓக் மரத்தின் பாசி தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. நான் அழுகையும் சிரிப்புமாக அவர் தோளில் அடித்தேன். பந்தை நாங்கள் தேடவேயில்லை. அங்கேயே ஈரப்புல்லில் பக்கம் பக்கமாகப் படுத்து இலைகளுக்கிடையே வானத்தைப் பார்த்தோம்.

"எனக்கும் பயம்தான்" என்றார் கொஞ்சம் கழித்து. "நீர் பயப்பிடுறதைப் பாத்தா எனக்கு இன்னும் பயம் கூடும். அதுதான் கதைக்கிறேல்லை."

"இனிக் கதையுங்கோ."

"ஓம்" என்றார்.

திரும்பி வந்து, புல்லைக் கிழித்ததற்கு லீராயிடம் மன்னிப்புக் கேட்டேன். "புல் வளரும்" என்றார் அவர். அன்று மாலை நண்டும் தக்காளி போட்டு ஆக்கிய சிவப்புச் சோறும் பரிமாறினார்கள். அன்ரன் பாதியை உண்டு, மீதியை என் பக்கம் தள்ளினார். நான் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே எலுமிச்சம்பழம் மட்டும் பிழிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை, காலை 7.10.

சவானாவுக்கு வான் வண்டி ஒன்பது மணிக்கு. விழித்தபோது கட்டிலில் அவர் இல்லை. செருப்பும் இல்லை. பதறுவதற்குக் காத்திருந்தேன், பதற்றம் வரவில்லை. கோப்பி போட்டு, பல்கனிக்குக் கொண்டு போனேன்.

கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. நனைந்த மணல் வானத்தை அப்படியே வாங்கிக் கிடந்தது. அலகு பெருத்த கூழைக்கடாக்கள் வரிசையாகத் தாழப் பறந்தன. கோப்பி முடியும் நேரம், கரையின் தூரக் கோடியில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்து வருவதைக் கண்டேன். தோளைச் சற்றுச் சரித்து, கையைப் பின்னால் கட்டி நடக்கும் நடை.

வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அறை. அங்கே யாரும் யாருக்கும் பத்தடிக்கு மேல் தூரமில்லை. பல்கனியில் நின்றாலும் எதிர்வீட்டு இரும்புப் படிக்கட்டோடு பார்வை முடிந்துவிடும். இருபத்தைந்து வருடத்தில் அவரை நான் இவ்வளவு தூரத்திலிருந்து பார்த்ததில்லை. நான் கைகாட்டவில்லை. அவர் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.